டீ ஷர்ட்டில் தள முகவரி அடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தால் ஆள் வருமா? வேலூர் அனுபவம் வேண்டும்

பாலாறு_பாலா · மே 11, இரவு 9.42

வணக்கம். ஊர் காட்பாடி. வேலூருக்கு வைத்தியத்துக்கு வரும் குடும்பங்களுக்கு, அடுப்பு வைத்துச் சமைத்துக்கொள்ளும்படியான வாடகை அறை பார்த்துத் தரும் சின்ன இணையதளம் ஒன்று நடத்துகிறேன். லாட்ஜ் இல்லை, வீட்டுக்காரர்களே மாடியிலும் பின்கட்டிலும் விடும் அறைகள். சைதாப்பேட்டை, தோட்டப்பாளையம், பாகாயம் பக்கம் இதுவரை 43 வீடுகள் சேர்ந்திருக்கின்றன. தளத்தின் பெயரை இங்கே போடவில்லை. போட்டால் விளம்பரம் என்று நெறியாளர் தூக்கிவிடுவார், போன முறை அப்படித்தான் ஆனது.

இணையத்தில் காசு கட்டி விளம்பரம் செய்தும் பார்த்தேன். 'வேலூர் ரூம்' என்று தேடினால் முன்னால் வந்து நிற்கப் பெரிய புக்கிங் தளங்கள் போட்டி போடுகின்றன. அவர்களோடு மல்லுக்கட்ட நம் பாக்கெட்டில் பலம் இல்லை.

அதனால் பிப்ரவரியில் 20 டீ ஷர்ட் அடித்தேன். பாட்டில் பச்சை, ரவுண்ட் நெக். நெஞ்சில் லோகோ, முதுகில் முகவரி, அதன் கீழே கியூஆர். ஒன்று 260 ரூபாய், மொத்தம் 5,200. நானும் மச்சானும் இரண்டு நண்பர்களும் வாரத்தில் நான்கு நாளாவது அதைப் போட்டுக்கொண்டு காந்தி ரோடு, புது பஸ் ஸ்டாண்ட், காட்பாடி ஸ்டேஷன் என்று சுற்றுகிறோம்.

மூன்று மாதக் கணக்கு இதோ. கியூஆருக்கென்று தனிப் பக்கம் வைத்திருந்ததால் எண்ணிக்கை தெரியும். 31 பேர். அதில் பாதி நாங்களே சோதித்துப் பார்த்தது. ஒரே ஒரு போன் வந்தது: "சட்டை எங்கே அடித்தீர்கள், பள்ளி ஆண்டு விழாவுக்கு வேண்டும்."

விட்டுவிடலாமா, இல்லை எங்காவது தப்பு செய்கிறேனா?

அச்சுப்பட்டறை · மே 11, இரவு 10.15

தம்பி, நான் இந்தத் தொழிலில் இருக்கிறவன். முதலில் ஒன்று கேட்கிறேன். பாட்டில் பச்சைத் துணியில் கியூஆரை எந்த நிறத்தில் அடித்தீர்கள்? படம் போட முடியுமா?

பாலாறு_பாலா · மே 11, இரவு 10.21

வெள்ளையில், அண்ணா. துணியின் பச்சையே பின்னணி. பார்க்க எடுப்பாக இருந்தது.

அச்சுப்பட்டறை · மே 11, இரவு 10.58

நினைத்தேன். கியூஆர் என்பது வெளிர் பின்னணியில் கருப்புக் கட்டம். அதைத் தலைகீழாக்கினால் சில போன்கள் படிக்கும், சில போன்கள் முழிக்கும். கரும் துணி என்றால் முதலில் வெள்ளைப் பெட்டி ஒன்று அடித்து, அதன் மேல் கருப்பில் கியூஆர் வர வேண்டும். பெட்டியின் ஓரத்தில் நான்கு சின்னக் கட்டங்கள் அளவுக்காவது வெற்று இடம் விட வேண்டும். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை வெட்டுகிறவர்கள்தான் அதிகம்.

அப்புறம் அளவு. எவ்வளவு தூரத்திலிருந்து படிக்க வேண்டுமோ அதில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. ஐந்தடி தள்ளி நிற்பவர் படிக்க வேண்டுமானால் அரையடிக் கியூஆர் வேண்டும். நீங்கள் நான்கு விரல் அகலத்துக்கு அடித்திருப்பீர்கள். அதைப் படிக்க அவர் உங்கள் முதுகில் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். யார் ஒட்டுவார்?

துணி மடியும், இழுபடும். அதற்காகக் கியூஆரிலேயே பிழை திருத்தும் அளவுகள் வைத்திருக்கிறார்கள். எல் என்றால் 7 சதவீதம், எம் 15, கியூ 25, ஹெச் 30. ஹெச் போட்டால் ஏறக்குறைய முப்பது சதவீதம் அழிந்தாலும் படிக்கும். ஆனால் அதற்குக் கட்டங்கள் கூடும், பொடியாகும். அதனால் உள்ளே வைக்கும் முகவரி குட்டையாக இருக்க வேண்டும்.

20 சட்டையை எந்த முறையில் அடித்துக் கொடுத்தார்கள்?

பாலாறு_பாலா · மே 11, இரவு 11.05

டிடிஎஃப் என்றார் கடைக்காரர். இரண்டு மாதத்தில் முதுகில் வெடிப்பு விழுந்துவிட்டது. கடை பெயர் வேண்டாம்.

அச்சுப்பட்டறை · மே 11, இரவு 11.30

சொல்லவும் வேண்டாம். டிடிஎஃப் கெட்ட முறை இல்லை. ஃபிலிமில் அச்சடித்து, பசைத்தூள் தூவி, சூட்டு அழுத்தியில் துணியில் ஒட்டுவது. ஒரே ஒரு சட்டை வேண்டுமென்றாலும் அடிக்கலாம், எத்தனை நிறமானாலும் விலை ஏறாது. ஆனால் முதுகு முழுக்கப் பெரிய பிளாஸ்டிக் பலகை மாதிரி ஒட்டினால் நம் ஊர் மே மாதத்தில் உள்ளே இட்லி வேகும். சூடும் அழுத்தமும் குறைந்திருந்தால் வெடிப்பும் விழும். ஒரே நிறத்தில் 20, 30 சட்டை என்றால் ஸ்கிரீன் பிரின்டிங்தான் நிற்கும். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், அந்தச் செலவு முதலிலேயே வந்துவிடும், அதற்குப் பிறகு சட்டை கூடக் கூட விலை இறங்கும்.

யாராவது 'சப்ளிமேஷன் மலிவு' என்று, அதாவது சூட்டில் மையை ஆவியாக்கித் துணியில் ஏற்றும் முறையைச் சொல்லி, ஆசை காட்டினால் நம்பாதீர்கள். அது பாலியஸ்டரில்தான் பிடிக்கும், பருத்தியில் பிடிக்காது. வேலூர் வெயிலில் பாலியஸ்டர் போட்டுக்கொண்டு மத்தியானம் காந்தி ரோட்டில் நடப்பவன் விளம்பரம் செய்யவில்லை, வேண்டுதல் நிறைவேற்றுகிறான்.

ஹாஸ்டல்_எலி · மே 12, காலை 7.50

நான் வி.ஐ.டி. மாணவன். எங்கள் வளாகத்தில் பாதிப் பேர் ஏதாவது அச்சடித்த டீ ஷர்ட்டில்தான் இருப்பார்கள். கிளப், விழா, ஊர்க்காரர் சங்கம், ஹேக்கத்தான். யாரும் யாருடையதையும் படிப்பதில்லை. முதுகை எல்லாம் பைதான் மறைக்கிறது. நீங்களும் பை மாட்டுகிறவர் என்றால் முதுகில் அடித்தது வீண்.

ஒரே ஒரு இடத்தில் முதுகு வேலை செய்யும். பைக் சிக்னலில் நிற்கும்போது பின்னால் இருப்பவர் வேறு எதையும் பார்க்க முடியாது. கிரீன் சர்க்கிளில் சாயந்திரம் நிற்கும் நேரத்துக்கு ஒரு சிறுகதையே அடிக்கலாம்.

ஓய்வு_டிடிஇ · மே 12, காலை 9.10

தம்பி பாலாவுக்கு ஓர் எச்சரிக்கை. ரயில்வேயில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் 144ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. உரிமம் இல்லாமல் வண்டியிலோ ரயில்வே இடத்திலோ பொருள் விற்பதும், வாடிக்கை பிடிப்பதும் குற்றம். சட்டை போட்டுக்கொண்டு நடந்து போவதை யாரும் கேட்க மாட்டார்கள். நின்று, ஆளை மடக்கி, கார்டு நீட்டினால் அது வாடிக்கை பிடிப்பதுதான். அந்த வித்தியாசத்தை ஆர்.பி.எஃப். காரர் உங்களுக்கு நின்று விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்.

பாலாறு_பாலா · மே 12, மதியம் 1.25

ஐயா, நன்றி. கார்டு எல்லாம் நீட்டவில்லை. ஆனால் ஸ்டேஷனில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், நேற்று எழுத வெட்கமாக இருந்தது.

மார்ச்சில் ஒரு நாள் காலை, ஹவுரா பக்கமிருந்து வந்த வண்டியில் ஒரு குடும்பம் இறங்கியது. கணவன், மனைவி, சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி. நான் படிக்கட்டுப் பக்கம் சும்மா நின்றிருந்தேன், சட்டையோடு. அந்த அம்மா என் நெஞ்சில் இருந்த லோகோவைப் பார்த்தார். கணவனிடம் ஏதோ சொன்னார். அவர் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, என்னைச் சுற்றிக்கொண்டு போனார். போகும்போது பாட்டியின் மடியில் இருந்த ஃபைலை அந்த அம்மா தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

என்னைப் புரோக்கர் என்று நினைத்துவிட்டார்கள். அன்று முழுக்க மனசு சரியில்லை. புரோக்கர் கையில் சிக்காமல் இருக்கத்தான் இந்தத் தளமே தொடங்கினேன்.

மக்கான்_மணி · மே 12, மாலை 6.40

உடுப்பில் என்ன இருக்கிறது என்று வேலூரில் மட்டும் யாரும் கேட்கக் கூடாது. 1806 ஜூலை 10 கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தது எதனால்? புதுத் தலைப்பாகை. தோல் பட்டை வைத்தது, வெள்ளைக்காரன் தொப்பி மாதிரித் தெரிவது. நெற்றியில் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது. இதைப் போட்டால் நீ யாருடைய ஆள் என்பதுதான் கேள்வி. திப்புவின் பிள்ளைகள் உள்ளே சிறையில் இருந்தது வேறு சேர்ந்துகொண்டது. உத்தரவு போட்ட தளபதி கிரடாக்கைக் கடைசியில் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

நீங்கள் பச்சைச் சட்டை போட்டு ஸ்டேஷனில் நின்றால் அந்த அம்மா கேட்டதும் அதே கேள்விதான்: இவன் யாருடைய ஆள்?

ஹாஸ்டல்_எலி · மே 12, மாலை 6.52

மணி அண்ணா எந்த இழைக்குப் போனாலும் 1806ஐக் கொண்டுவந்துவிடுவார். போன வாரம் பிரியாணி இழையிலும் வந்தது.

மக்கான்_மணி · மே 12, மாலை 7.03

பிரியாணிக்கும் சம்பந்தம் உண்டு, அது தனிக் கதை. எங்கள் ஆயாவிடம் கேட்டால் கரை வேட்டியையே உதாரணம் சொல்வார். இத்தனை வருடமாகக் கட்சிக்காரர்கள் உடம்பில் விளம்பரம் போட்டுத்தானே நடக்கிறார்கள். யாராவது அதில் போன் நம்பர் அடித்தார்களா? இரண்டு விரல் கரை, ஊருக்கே தெரிகிறது.

முள்கத்தரி · மே 12, இரவு 8.30

நான் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவள், ஊர் முள்கத்தரிக்குப் பேர்போன இலவம்பாடிப் பக்கம், என் பெயரைப் பார்த்தாலே தெரியும். சட்டை எல்லாம் வேண்டாம் தம்பி. மஞ்சப்பை அடியுங்கள். கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை கொடுத்தால் மாப்பிள்ளை பெயரோடு அது பத்து வருடம் ரேஷன் கடைக்கும் மார்க்கெட்டுக்கும் போகும். பாதிக் கல்யாணங்கள் எங்களுக்கு நினைவிருப்பதே பையால்தான். 2019இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகும், 2021 டிசம்பரில் அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்த பிறகும், துணிப்பை கொடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

அச்சுப்பட்டறை · மே 12, இரவு 9.05

அக்கா சொன்னது நல்ல யோசனை. இன்னொன்று சேர்த்துக்கொள்கிறேன். வேலூரில் வைத்தியத்துக்கு வந்தவர் கையில் எப்போதும் எது இருக்கும்? ஸ்கேன் ஃபிலிம். பெரிய ஃபிலிம் 14க்கு 17 அங்குலம். சாதாரணப் பையில் மடங்கும், சுருட்டவும் கூடாது. 16க்கு 19 அங்குலத்தில் ஒரு துணிப்பை தைத்துக் கொடுத்தால் ஊருக்குத் திரும்பும் வரை கீழே வைக்க மாட்டார்கள்.

முள்கத்தரி · மே 12, இரவு 9.20

நான் சொன்னது காய்கறிப் பை. நோயாளி கையில் உங்கள் பலகையை மாட்டிவிடச் சொல்லவில்லை. உடம்பு முடியாதவர் வரிசையில் நிற்கிறார், கையில் உங்கள் வியாபாரம் ஆடுகிறது. எனக்கு ஒப்பவில்லை.

அச்சுப்பட்டறை · மே 12, இரவு 9.34

பை அவருக்கு உதவுகிறது, சும்மாவா கொடுக்கிறோம்?

முள்கத்தரி · மே 12, இரவு 9.41

உதவிதான் என்றால் பெயர் அடிக்காமல் கொடுங்கள்.

தோட்டப்பாளையத்து_தங்கை · மே 13, காலை 6.15

நான் லாட்ஜ் தெருவில் பிறந்து வளர்ந்தவள். பாலா அண்ணா, எல்லோரும் துணி, மை, கியூஆர் என்று பேசுகிறீர்கள். சட்டையில் என்ன மொழியில் எழுதியிருந்தது?

பாலாறு_பாலா · மே 13, காலை 8.02

முகவரி ஆங்கில எழுத்தில். கீழே ஒரு வரி தமிழில்.

தோட்டப்பாளையத்து_தங்கை · மே 13, காலை 8.40

அண்ணா! எங்கள் தெருவில் மருந்துக்கடைப் பலகை, சாப்பாட்டுக் கடைப் பலகை, எஸ்.டி.டி. பூத் இருந்த காலத்தில் அதன் பலகை, எல்லாம் வங்காளத்திலும் இருக்கும். மேற்கு வங்கம், வங்கதேசம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று வருகிறவர்கள். எங்கள் தெருவில் இட்லிக்கடைக்காரருக்குக்கூட 'கொத்தோ டாக்கா' என்றால் எவ்வளவு பணம் என்று தெரியும். உங்கள் வாடிக்கையாளருக்குப் படிக்கத் தெரியாத தமிழ் வரியை யாருக்காக அடித்தீர்கள்?

இன்னொன்று. தளத்தின் பெயரை நீங்கள் சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியும், என் சித்தி வீடு அதில் இருக்கிறது. அந்தப் பெயரில் 'ழ' இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை இஸட் ஹெச் போட்டு எழுதியிருக்கிறீர்கள். நம்மிலேயே சிலர் எல் போடுகிறார்கள், சிலர் இஸட் ஹெச் போடுகிறார்கள். நெடிலுக்கு ஒரு ஏயா, இரண்டு ஏயா என்று வேறு குழப்பம். கொல்கத்தாவிலிருந்து வருகிறவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு ராத்திரி ஞாபகத்திலிருந்து தட்டச்சு செய்வார் என்று எப்படி நினைத்தீர்கள்? முகவரியை விடுங்கள். போன் நம்பர், அதுவும் பெரிதாக. மேலே வங்காளத்தில் 'சமையலறையோடு அறை'. அவர்களுக்கு மூன்று வாரம், ஒரு மாதம் தங்க வேண்டியிருக்கிறது, நம் சாம்பாரே மூன்று வேளையும் இறங்காது. 'ரான்னாகொர்' என்ற சொல்லைப் பார்த்தால் நடை நிற்கும்.

பாலாறு_பாலா · மே 13, காலை 9.15

43 வீடு சேர்த்தேன், இது தோன்றவில்லை. நன்றி தங்கச்சி.

ஆம்பூர்_தோல் · மே 13, காலை 11.20

தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும். என் கதையையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஆன்லைனில் பெல்ட், பர்ஸ் விற்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் 50 டீ ஷர்ட் அடித்துக் கூரியர் பையன்கள், தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று தானமாகக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. டாஸ்மாக் வாசலில் ஒருவர் கவிழ்ந்து படுத்திருக்கிறார். முதுகில் என் தளம், பளிச்சென்று, ஓர் எழுத்துகூட மறையாமல். அச்சு அவ்வளவு தரம்.

அன்று மட்டும் தளத்துக்கு 200 பேருக்கு மேல் வந்தார்கள். ஒரு பெல்ட் விற்கவில்லை.

ஓய்வு_டிடிஇ · மே 13, காலை 11.48

சிரித்து முடியவில்லை. வீட்டில் என்ன என்று கேட்கிறார்கள்.

அச்சுப்பட்டறை · மே 13, மதியம் 12.30

பாலா தம்பி, வங்காளத்தில் அடிக்கப் போகிறீர்கள் என்றால் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். இங்கே பாதி டிசைன் கடைகளில் இன்னும் பழைய கோரல்டிரா ஓடுகிறது. தமிழுக்குப் பாமினி, வானவில் என்று பழைய எழுத்துருக்களை வைத்து ஓட்டிவிடுவார்கள். வங்காளத்தை யூனிகோடில் வாட்ஸப்பில் அனுப்பினால், அதைப் பழைய மென்பொருளில் ஒட்டும்போது கூட்டெழுத்து பிரிந்துவிடும். கொம்பு எழுத்துக்கு முன்னால் வருவதற்குப் பதில் பின்னால் போய் நிற்கும். தமிழில் 'கொ' சிதறிப் புள்ளிவட்டம் அந்தரத்தில் நிற்பதை ஃபிளெக்ஸ் பலகைகளில் பார்த்திருப்பீர்கள், அதே வியாதி. நமக்குத் தமிழ் தெரியும், பிடித்துவிடுவோம். வங்காளத்தை யார் பிடிப்பது?

எழுத்தைச் சரியாகக் காட்டும் கணினியில் அமைத்து, கர்வாக, அதாவது எழுத்தை வெறும் வரைகோடாக, மாற்றி, அந்தப் படத்தை வங்காளம் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். நிறம் வெளிராக இருக்கட்டும். சாம்பல் நிறம் மட்டும் வேண்டாம், வியர்வை படம் வரையும். காலர் வைத்தது எடுங்கள், ரவுண்ட் நெக்கில் போனால் வயதானவர்கள் பையன் என்று நினைப்பார்கள். எழுத்து ஓர் அங்குல உயரம் இருந்தால் பத்தடியில் சிரமமில்லாமல் படிக்கலாம்.

பாலாறு_பாலா · ஜூலை 6, இரவு 9.55

இழையை மேலே கொண்டுவருகிறேன். என்ன ஆனது என்று சொல்ல வேண்டும் அல்லவா.

வெளிர் மஞ்சளில் காலர் வைத்தது நான்கே நான்கு அடித்தேன். முன்பக்கம் மட்டும். வங்காளத்தில் இரண்டு சொல், கீழே நம்பர். லோகோ இல்லை, கியூஆர் இல்லை. தங்கச்சி சொன்ன ஒரு மருந்துக்கடைக்காரரிடம் எழுத்தைக் காட்டினேன். அவர் ஒன்றைத் திருத்தினார். நல்லவேளை, இல்லையென்றால் சமையலறை வேறு எதுவாகவோ ஆகியிருக்கும், எதுவாக என்று அவர் சொல்ல மறுத்துவிட்டார்.

ஸ்டேஷன் பக்கம் போகவில்லை. அந்தப் பாட்டி ஞாபகம். மாலையில் மீன் வாங்கப் போகும் இடத்தில் நின்றேன். வந்த குடும்பங்கள் ஊரில் இறங்கி நாலைந்து நாள் ஆகியிருக்கும், லாட்ஜ் வாடகை கடிக்க ஆரம்பித்திருக்கும், அங்கே மீனைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவசரம் இல்லை. முதல் நாளே ஒருவர் கேட்டார். எனக்கு வங்காளம் வராது, அவருக்குத் தமிழ் வராது. இரண்டு பேரும் பாதி இந்தியில் தடுமாறியதைப் பார்த்துவிட்டு மீன் நறுக்கும் அக்கா நடுவில் புகுந்து அவர்களிடம் வங்காளத்தில் பேசி முடித்தார். அவர் ஆற்காட்டுப் பக்கத்துக்காரர், பதினைந்து வருடமாக இவர்களுக்கு மீன் வெட்டிக் கற்றுக்கொண்டதாம்.

அப்புறம் என்னிடம், "நீ என்னாத்துக்கு இங்க நிக்கிற? அந்தச் சட்டைய என்கிட்ட குடு" என்றார்.

சட்டை அவருக்குச் சரிப்படாது. அதனால் அதே எழுத்தை ஓர் ஏப்ரனில் அடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளும் முன் என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். வாடகை எவ்வளவு, முன்பணம் உண்டா, கேஸ் யாருடையது, மீன் சமைத்தால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பாரா. கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 43 வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்டேன். 12 வீட்டில் சைவம் மட்டும் என்றார்கள். அதைத் தளத்தில் இப்போதுதான் சேர்த்திருக்கிறேன்.

ஐந்து வாரத்தில் போன் 26. அறை எடுத்தவர்கள் 9 குடும்பம். அதில் ஏழு, அக்கா அனுப்பியது. ஒரு அறைக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுக்கிறேன், முதலில் வாங்க மறுத்தார், இப்போது தேதி தவறினால் கேட்கிறார்.

முள்கத்தரி · ஜூலை 6, இரவு 10.10

இது எனக்கு ஒப்புகிறது. அந்த அக்கா கடையில் வஞ்சிரம் எப்படி?

தோட்டப்பாளையத்து_தங்கை · ஜூலை 6, இரவு 10.18

அவர்கள் வஞ்சிரம் கேட்க மாட்டார்கள் அக்கா, ஆற்று மீன்தான் கேட்பார்கள். ரோகு, கட்லா. பாலா அண்ணா, ராணிப்பேட்டையிலும் சி.எம்.சி. மருத்துவமனை வளாகம் 2022இல் வந்துவிட்டது, அங்கே போகிறவர்கள் தினமும் இங்கிருந்து பஸ்ஸில் அலைகிறார்கள். அந்தப் பக்கமும் வீடு பாருங்கள்.

அச்சுப்பட்டறை · ஜூலை 6, இரவு 10.40

ஏப்ரனில் எதை அடித்தீர்கள்? டிடிஎஃப் என்றால் மீன் செதிலும் தினசரி தேய்ப்பும் சேர்ந்து மூன்று மாதத்தில் உரித்துவிடும். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் துவைக்கச் சொல்லுங்கள், அச்சின் மேல் நேராக இஸ்திரி வைக்கக் கூடாது. அடுத்த முறை ஸ்கிரீன்.

பாலாறு_பாலா · ஜூலை 6, இரவு 11.02

ஏற்கெனவே ஓரம் தூக்குகிறது அண்ணா. அக்கா துவைக்க ஒன்று, கட்ட ஒன்று என்று இரண்டு கேட்கிறார். பக்கத்துக் கடைக்காரரும் ஒன்று கேட்கிறார். நாளை உங்கள் கடைக்கே வருகிறேன், முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

பச்சை டீ ஷர்ட் 14 மீதி இருக்கிறது, எல்லாம் மீடியம், போடாதது. யாருக்காவது வேண்டுமா? காசு வேண்டாம்.

ஆம்பூர்_தோல் · ஜூலை 6, இரவு 11.09

சும்மா மட்டும் கொடுக்காதீர்கள்.

ஹாஸ்டல்_எலி · ஜூலை 6, இரவு 11.15

எனக்கு இரண்டு. பை மாட்டித்தான் போடுவேன், முதுகு தெரியாது.